இலந்தைக்காட்டுக் கசில்டா

கசில்டா எங்கள் நாற்றங்காலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. நீதிபதி அனுப்பி வைத்தார்.

அல்மெரியா நகரத்தில் பன்றி வெட்டும் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்தவள். அங்கே ஒரு மேஸ்திரி, புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தான். கசில்டா கையில் கிடைத்த தொடை எலும்பால் அவன் முகத்தில் ஒன்று வைத்தாள். மூக்கு உடைந்தது. முன்பல் இரண்டு தரையில் கிடந்தன. வேலை போயிற்று. கோர்ட்டில் அறுபது நாள் பொதுச்சேவை என்றார்கள். அதோடு, இரண்டு வருடத்துக்குள் யார் மேலாவது கை வைத்தால் பதினொரு மாதம் சிறை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நாற்றங்கால் ஊருக்கு வெளியே, ரயில் நின்றுபோன பழைய சரக்குக் கொட்டகையில் இருக்கிறது. ஏழு பேர் சம்பளமில்லாமல் நடத்துகிறோம். வருடத்துக்கு நாலைந்து மழையில் பிழைக்கிற இந்த மண்ணின் செடிகளை மட்டும்தான் வளர்ப்போம். எஸ்பார்த்தோ புல், காட்டு ஒலிவம், தைம் மூலிகை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காட்டு இலந்தை. கேட்பவர்களுக்குச் சும்மா கொடுப்போம். தீப்பிடித்த மலைச்சரிவுகளில் நாங்களே கொண்டுபோய் நடுவோம். நான் எலாதியோ, ஓய்வுபெற்ற தபால்காரன். சாவி என்னிடம் இருந்ததால் கசில்டாவுக்கு மேற்பார்வை நான் என்று எழுதிவிட்டார்கள்.

முதல் நாள் இலந்தைக் கொட்டைகளை அவள் முன்னால் கொட்டி, ஒரு சுத்தியலையும் கொடுத்தேன். ஓட்டைக் கீறி விட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். அவள் அடித்த அடியில் பருப்பே மாவாகிவிட்டது.

"அம்மா தாயே, அது கொட்டை. மேஸ்திரி மூக்கு இல்ல."

"யோவ் தபால்காரா, தள்ளிப் போய்யா. இல்லாட்டி ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிடும்."

ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. குழித்தட்டில் முளை விட்ட அன்று ஒரு மணி நேரம் அதன் முன்னால் குந்தியிருந்தாள். அறுபத்தோராம் நாள் காலையில் எனக்கு முன்பே வந்து கதவருகே நின்றாள்.

"தண்டனைதான் முடிஞ்சுபோச்சே," என்றேன்.

"எனக்குத்தானே முடிஞ்சுது? இதுங்க காஞ்ச மண்ணுல பிழைக்கணும்னா தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்னு நீதானே சொன்னே. உன்னை நம்பி விட்டா ஒரேயடியாக் கொன்னுடுவே. தொற."

விதை எடுக்க அவள் போனது தன் அப்பா விட்டுப்போன எட்டு ஹெக்டேர் நிலத்துக்கு. உழவு கண்டு முப்பது வருடமான நிலம். நடுவில் ஆள் உயரத்துக்கு இலந்தைப் புதர், வளைந்த முள்ளோடு மண்டிக் கிடக்கும். நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. அவளுக்கும் அவள் தம்பி இந்தலேசியோவுக்கும் பொது. அவன் புதரை அழித்துவிட்டு, மேலே பிளாஸ்டிக் போட்டுத் தக்காளி வைக்க நினைத்தான். அந்தப் புதரைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைச் சமாளிக்க அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள். அக்காவின் கையெழுத்து மட்டும்தான் கிடைக்கவில்லை.

முதலில் அவளுடைய நாய் செத்தது. இறைச்சியில் விஷம் வைத்திருந்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு ஊரே காபிக்கடையில் கூடியிருந்தபோது இந்தலேசியோ நேராக அவள் மேஜைக்கு வந்தான்.

"கையெழுத்துப் போடுறியா, இல்லையா?"

"காபி குடிச்சிட்டிருக்கேன்டா."

அறைந்தான். கோப்பையின் விளிம்பு உதட்டைக் கிழித்தது. கடையில் ஒருவரும் அசையவில்லை, அவள் எதிரே உட்கார்ந்திருந்த நானும்தான். கசில்டாவின் இரண்டு கையும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"திருப்பி அடிடி, பாக்கலாம்! ஜெயில் வாசலைத் தொறந்து வெச்சிருக்காங்க," என்று சிரித்தான்.

அவள் ரத்தத்தோடு சேர்த்து மிச்சக் காபியைக் குடித்து முடித்தாள். வெளியே வந்ததும் என்னிடம், "இன்னும் அஞ்சு மாசம், தபால்காரா. அதுக்கப்புறம் அவன் பல்லை எண்ணிக்கச் சொல்லு," என்றாள்.

ஐந்து மாதம் ஆகவில்லை. ஆகஸ்டு, நண்பகல், ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த நேரம். நானும் அவளும் மட்டும் நிழல்வலைக்குக் கீழே நாற்றுகளைப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். டிராக்டர் சத்தம் கேட்டது. கம்பி வேலியைப் பிய்த்துக்கொண்டு இந்தலேசியோ உள்ளே வந்தான். மேஜைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. நிழல்வலை சக்கரத்தில் சுற்றிக் கிழிந்தது. இரண்டு வருடமாக வளர்த்த நாற்றுகள் தொட்டியோடு நசுங்கும் சத்தம், எலும்பு மிதிபடுவது போல இருந்தது.

நான் கையை விரித்துக்கொண்டு முன்னால் போனேன். அவன் இறங்கி வந்து இரும்புக் கம்பியால் என் தோளில் அடித்தான். கீழே விழுந்த எனக்கு இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதற்கு அவன் கையை ஓங்கியபோது கசில்டா குறுக்கே வந்தாள். கம்பி அவள் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்கு மேல் அவள் கணக்குப் பார்க்கவில்லை. வலது கையால் மண்வெட்டியை எடுத்து அவன் முழங்காலில் போட்டாள். அவன் அலறிக்கொண்டு, நொண்டி நொண்டி டிராக்டரில் ஏறி, வண்டியை நேராக அவள் மேல் விட்டான். அவள் பழைய பிளாட்பாரத்தின் பக்கமாகத் தாவினாள். ஒரு பக்கச் சக்கரம் அந்த மேட்டில் ஏறியது. வண்டி கவிழ்ந்தது.

அவன் வலது கால் சக்கரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. வண்டியின் தகரம் தொடையைக் கிழித்திருந்தது. ரத்தம் வழியவில்லை, பீய்ச்சி அடித்தது. கசில்டா மண்வெட்டியோடு அவன் தலைமாட்டில் நின்றாள். பன்றிக்கு அந்த இடத்தில் அறுத்தால் எவ்வளவு நேரம் உயிர் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"மூணு நிமிஷம்," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "நான் ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

"கசில்டா!" என்று கத்தினேன்.

"சும்மா இருய்யா!"

அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். "கசி..." என்றான். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் என்று பிறகு சொன்னாள்.

மண்வெட்டியைத் தூர எறிந்தாள். மண்டி போட்டு, அவன் தொடை இடுக்கில் முஷ்டியை வைத்து முழு உடம்பாலும் அழுத்தினாள். பீய்ச்சல் நின்றது. நான் ஒரு கையால் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம். அத்தனை நேரமும் அவள் கையை எடுக்கவில்லை, வாயையும் மூடவில்லை.

"செத்துடாதடா நாயே! செத்தா என்னைக் கொலைகாரின்னு எழுதிடுவானுங்க. மூச்சு விடு! எல்லாத்தையும் மிதிச்சிட்டு நிம்மதியாச் சாகலாம்னு பாக்குறியா? கண்ணை மூடின, மறுபடி அடிப்பேன்!"

அவன் வலது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, அக்காதான் முதலில் மண்வெட்டியால் அடித்தாள் என்று வாக்குமூலம் கொடுத்தான். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவள் கை இல்லாவிட்டால் பிணம்தான் வந்திருக்கும் என்று டாக்டரும் சொன்னார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் முழங்காலில் விழுந்த அடி விழுந்ததுதான். பதினொரு மாதம் உள்ளே அனுப்பினார். அவனுக்கு இரண்டரை வருடம் கிடைத்தது. உடல்நிலையைக் காட்டி வீட்டிலேயே இருந்துவிட்டான்.

கிட்டத்தட்ட இரண்டாயிரம் நாற்றில் முந்நூறு தப்பின. அதில் பாதி, சக்கரம் ஏறியும் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தவை. அதைச் சிறையில் இருந்த அவளுக்குக் கடிதத்தில் எழுதினேன். "துளிர்த்ததுன்னு தண்ணியை ஊத்தித் தொலைச்சிடாதே" என்று பதில் வந்தது, வேறு ஒரு வரிகூட இல்லை.

அவள் சிறையிலிருந்து வெளியே வந்த மறுவாரம் சந்தையில் இந்தலேசியோவைப் பார்த்தோம். ஊன்றுகோலில் நின்றபடி அவளைப் பார்த்துத் துப்பினான். எச்சில் அவள் செருப்பில் விழுந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அவள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். தெரு முனை தாண்டியதும் சுவரில் சாய்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாகப்பிரிவினை வழக்கு இன்னும் நடக்கிறது. இந்த நவம்பரில் முதல் மழை பெய்ததும் தெற்குச் சரிவில், தப்பியதும் புதிதாக வளர்த்ததுமாக நானூறு கன்று நட்டோம். குழி ஆழம் போதவில்லை என்று கசில்டா என்னை எல்லோர் முன்னாலும் திட்டினாள்.