இடுகாட்டுப் பாதைக்கு வாங்கிய உத்தரவு

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற காலனியில், முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு போட்டவர் எழிலரசன். அடிதடி, ஜீவனாம்சம், பட்டா என்று எது வந்தாலும் ஆரணி கோர்ட்டில் வாதாடுவார். ஆனால் காலனி அவரை வக்கீலாக ஒப்புக்கொண்டது பாதை வழக்கில்தான்.

காலனிக்கும் இடுகாட்டுக்கும் நடுவே பழைய வரைபடத்தில் ஒரு வண்டிப்பாதை இருந்தது. ஊர்த்தெருக்காரர்கள் அதை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டார்கள். பிணத்தை வயலில் இறங்கித்தான் தூக்கிப்போக வேண்டும். ஒன்பது வருஷம் வழக்கு நடத்தி, பாதையை மீட்டுத் தரும்படி உத்தரவு வாங்கினார். அன்றைக்கு அவர் மனைவி சுபலட்சுமி தறி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலனி முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

அந்த வருஷமே பஞ்சாயத்துத் தேர்தல். தலைவர் பதவிக்கு நின்றார் எழிலரசன். காலனி ஓட்டு மட்டும் போதாது. ஊர்த்தெருப் பெரியவர் பரசுராமன் வீடு தேடி வந்தார்.

"வக்கீல் தம்பி, எங்க ஓட்டு உங்களுக்குத்தான். பாதைய மட்டும் இப்ப கெளறாதீங்க. போலீஸ வச்சி அளந்தா ஊரு ரெண்டாப் பூடும். எலெக்‌ஷன் முடியட்டும், நாங்களே வுட்டுத் தர்றோம்."

ஜெயித்தார். அறுப்பு முடியட்டும் என்றார்கள். அடுத்து திருவிழா முடியட்டும் என்றார்கள். தண்ணீர்த் தொட்டி வந்தது, தெருவிளக்கு வந்தது. உத்தரவு பீரோவில் கிடந்தது.

"பக்கத்து வூட்டு கன்னியம்மா பொணத்த சேத்துல எப்படித் தூக்கினு போனாங்கன்னு பாத்தீங்க இல்ல?" என்றாள் சுபலட்சுமி. "வாங்கினு வந்த ஆர்டர இன்னாத்துக்குப் பூட்டி வச்சிகினு கீறீங்க?"

"கொஞ்சம் பொறு. வெட்டு குத்து இல்லாம முடிச்சிடலாம்."

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தாள். விடாத மழை. வயலில் முழங்கால் அளவு சேறு. முன்னால் பிடித்தவன் வழுக்கி விழ, பாடை ஒருபக்கம் சாய்ந்தது. சேற்றுத் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. எழிலரசன் துண்டால் துடைத்தார். துண்டும் சேறாக இருந்ததால் துடைக்கத் துடைக்க அப்பிக்கொண்டே வந்தது.

வீடு திரும்பியதும் மகள் தீபா கேட்டாள், "அந்த ஆர்டரு எங்கப்பா கீது?"

"பீரோவுல."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

காரியம் முடிந்த மறுநாளே உத்தரவோடு தாலுகா ஆபீசுக்குப் போனார். சர்வேயர் வந்து ஒரே காலையில் அளந்து கல் நட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. பரசுராமன் குடை பிடித்துக்கொண்டு பார்த்து நின்றார்.

"இதுக்கா தம்பி இத்தினி நாளு பேஜார்? அப்பவே ஆர்டரோட வந்து அளந்திருந்தா நாங்க இன்னா பண்ணியிருக்கப் போறோம்?"

ரத்தம் சிந்தாமல் காப்பாற்றினோம் என்று அதுவரை ஓர் ஆறுதல் இருந்தது எழிலரசனுக்கு. அதுவும் அன்றோடு போயிற்று. பதவிக்காலம் முடிந்தது, மறுபடி நிற்கச் சொன்னவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

தீபா செய்யார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். போன ஐப்பசியில் அம்மா திதிக்கு வந்தாள். இரண்டு பேரும் அந்தப் பாதையில் இடுகாடுவரை நடந்துபோய்ப் பூப்போட்டுவிட்டு வந்தார்கள். பஸ் ஏறும்போது, "மாத்திர மறக்காம போடுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.