கயிற்றில் என் இடம்

என் தாத்தாவை யாரென்றே தெரியாது என்று ஒருமுறை நான் காட்டிக்கொண்டேன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் அது பொய்யில் சேராது என்று பல வருஷம் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அப்பாவுக்குப் பெரம்பூர் ரயில் வொர்க்‌ஷாப்பில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மாவைப் பெற்றவர்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில், கடலை ஒட்டி இருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவாள். போய்ச் சேர்ந்ததும் அவள் வீட்டுக்குள் போவாள், நான் நேரே கரைக்கு ஓடுவேன்.

தாத்தா பெரிய வலை இழுப்பவர். படகு கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்துவிடும். வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். இழுத்து முடிக்க அரை நாள்கூட ஆகும். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கயிற்றில் யார் கை வைத்தாலும் மீனில் பங்கு உண்டு. வழியில் போகிறவன் வந்து இழுத்தாலும் அவனுக்கு ஒரு பிடி கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

வரிசையில் தாத்தாவுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். அது என் இடம். நான் இழுத்து ஒரு சாண் கயிறுகூட வந்திருக்காது. முதல் தடவை, பங்கு பிரிக்கிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தினியூண்டு கைக்கு இன்னாத்துக்குப் பங்கு?"

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கை வெச்சா பங்குதான். கை சின்னதா பெருசான்னு கயிறு கேக்குதா?" என்றார். அன்றிலிருந்து என் பாவாடை மடியில் ஒரு பிடி நெத்திலி விழுந்துவிடும். வீடு வரைக்கும் ராணி மாதிரி நடந்து போவேன்.

பள்ளிக்கூடத்தில்தான் எல்லாம் கெட்டது. நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு திங்கட்கிழமை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல மீன் வாடை அடிக்குது" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க தாத்தா துறைமுகத்துல ஆபீசர். கப்பல்ல மீன் வந்தா அவருக்குத்தான் முதல்ல குடுப்பாங்க" என்று அளந்துவிட்டேன். கேட்டவர்கள் நம்பினார்கள். நம்பியதும் நான் இன்னும் சேர்த்தேன். வெள்ளைப் பேண்ட், வெள்ளைத் தொப்பி, பெரிய மேஜை. கொஞ்ச நாளில் எனக்கே அந்த ஆபீசர் தாத்தாவைப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து, டீச்சர் எங்கள் வகுப்பைத் திருவொற்றியூர்க் கோயிலுக்கு அழைத்துப் போனார். கோயில் முடிந்ததும் பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஒரே கூச்சல். வேறு கரையே கிடைக்காத மாதிரி, டீச்சர் நேரே அங்கேதான் கூட்டிப்போனார். வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வரிசையில் மூன்றாவது ஆள். கோவணம், தலையில் அழுக்கு முண்டாசு, உடம்பெல்லாம் மணல்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வந்துட்டியா கண்ணு! வா, வா!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். அவர் வேறு யாரையோ கூப்பிடுகிறார், அது யார் என்று தேடுகிற மாதிரி. பக்கத்தில் இருந்தவள், "உன்னையா கூப்பிடறாரு?" என்று கேட்டாள். உதட்டைப் பிதுக்கினேன்.

கயிற்றை விட முடியாது, அதனால் தாத்தாவின் கை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பிறகு டீச்சரிடம், "இன்னா டீச்சரம்மா, புள்ளைங்கல்லாம் எந்த ஊரு?" என்று கேட்டார்.

"பெரம்பூர்."

"அப்டியா. என் பொண்ணையும் அங்கதான் குடுத்துகீறேன்" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பிள்ளைகளெல்லாம் ஹோவென்று ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். மூக்கைப் பிடித்தவள் தாத்தாவுக்கு முன்னால், என் இடத்தில் நின்று இழுத்தாள். நான் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். வலை கரையேறியதும் தாத்தா ஒவ்வொருத்திக்கும் நாலைந்து மீனைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்தார். அவர் கையில் மீன் இருந்தது. என் மடியைப் பார்த்தார், சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், திரும்பிப் போய் மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டார். எனக்கு அப்போது வந்தது வெட்கமில்லை, நிம்மதி. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனேன். தாத்தா சொல்லிவிடுவார், அம்மா தோலை உரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அம்மாவே கேட்டாள்: "இவங்க ஸ்கூலே இங்க வந்துச்சாமே நைனா, நீ பாக்கலியா?"

"எங்கம்மா பாக்குறது? அன்னிக்கு ஒடம்பு முடியாம வூட்டுலயே படுத்துகினேன்" என்றார் தாத்தா.

எனக்காக அவரும் பொய் சொன்னார். என்னை விடச் சுத்தமாகச் சொன்னார்.

கரைக்குப் போனோம். அவருக்கு முன்னால் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். தாத்தா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமே இல்லை. முள் குத்தின கையைப் பிடிக்கிற மாதிரி மெதுவாகத்தான் பிடித்தார்.

"வாணாம் கண்ணு. கை நாறும்."

பிறகு ஒரு அடி முன்னால் வந்து, அந்த இடத்தில் அவரே நின்றுகொண்டார். வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நல்ல பாடு, வலை நிறைய மீன். பங்கு பிரிக்கிறவர் வழக்கம்போல ஒரு பிடி நெத்திலியை அள்ளிக்கொண்டு என்னைத் தேடினார்.

"பாப்பா பங்கு இந்தா."

எனக்காகச் சண்டை போட்ட அதே தாத்தா, கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அதுக்கு வாணாம்பா. அது கை வெக்கல."