ஒரே ஒரு தொலைபேசி எண்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அம்மா சமையலறையில் விழுந்தார். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின.

2. பதினோரு நாட்கள் கழித்து, மூக்கில் உணவுக் குழாயோடு, பண்டார் தெங்காரா என்ற சிற்றூரில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே அவருடன் இருப்பது என் அண்ணன் தியாகு மட்டும்.

3. ஐந்தாவது வாரம் அம்மாவை உடற்பயிற்சி சிகிச்சைக்கு யாரும் கூட்டி வரவில்லை. மருத்துவமனை அண்ணனை அழைத்தது. கிளினிக்கிலிருந்து மிசி (தாதி) வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார் என்றார் அண்ணன்.

4. ஏழாவது வாரம் அந்த மிசி உண்மையிலேயே வந்தார். கதவில் பூட்டு. அண்ணனை அழைத்தார். அம்மா மாசாயில் தங்கையோடு இருக்கிறார் என்றார் அண்ணன்.

5. எட்டாவது வாரம், பகலெல்லாம் முனகல் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நலத்துறைக்குத் தகவல் கொடுத்தார். அதிகாரி அண்ணனை அழைத்து, வீடியோவில் அம்மாவின் முகத்தைக் காட்டச் சொன்னார். நலமா என்று கேட்டார். அம்மா தலையசைத்தார்.

6. ஒன்பதாவது வாரம் நான் சொல்லாமல் போனேன்.

மாசாயில் இருக்கும் அந்தத் தங்கை நான்தான். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பராக வேலை. உடன் வேலை செய்யும் மூன்று பெண்களோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே உள்ள மூன்று, நான்கு, ஐந்து எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

முதல் மாதம் ஓய்வு நாட்களில் போய்வந்தேன். பிறகு நான் கிளம்பும்போதெல்லாம் அண்ணன் ஏதாவது சொன்னார். இன்றைக்கு மருத்துவமனைக்குப் போகிறோம், இன்றைக்கு மிசி வருகிறார் என்று. வாரம் ஒரு படம் அனுப்பினார். ஒவ்வொரு படத்திலும் போர்வை கழுத்து வரை இருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வருபவளுக்கு அந்தப் படங்கள் போதுமானவையாக இருந்தன. போதும் என்று நினைத்துக்கொண்டேன் என்பதே சரி.

அன்று மதியம் வீட்டின் முன் நின்றபோது கதவில் பெரிய பூட்டு தொங்கியது. கம்பிக் கதவில் ஒரு கிளினிக் சீட்டு செருகியிருந்தது: வந்தோம், ஆள் இல்லை. பக்கவாட்டு ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பினேன். முதலில் வாடை வந்தது. பிறகுதான் அம்மா தெரிந்தார். அவருடைய இடது மணிக்கட்டு கட்டில் கம்பியோடு துவாலையால் கட்டப்பட்டிருந்தது. அது அவருக்கு மிச்சமிருந்த ஒரே கை.

அண்ணனை அழைத்தேன். அவர் வேலை செய்யும் எண்ணெய்ப்பனை ஆலையின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"அம்மா எப்படிண்ணே இருக்காங்க?"

"நல்லாதான் இருக்காங்க லா. இப்பதான் தூங்குனாங்க."

"நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன்."

அண்ணன், "பாப்பா, யாருக்கும் ஃபோன் பண்ணாத. நான் வந்துடுறேன்," என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்த ஜன்னலருகே நிற்க நேர்ந்தால், அந்த இடத்தில் நேரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவைக்கிறேன். அது நகராது. காத்திருந்தால் அண்ணன் வருவார், குடும்பத்துக்குள் முடிந்துவிடும். அழைத்தால் என் அண்ணன்மீது நானே புகார் கொடுத்தவள் ஆவேன். அம்மாவின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பது, என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு. கிளினிக் சீட்டில் இருந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்தவர் புஷ்பா மிசி, பூட்டிய கதவு வரை வந்து திரும்பியவர். "அலமாக்! அம்மா உங்ககூட மாசாய்ல இருக்காங்கன்னுல்ல உங்க அண்ணன் சொன்னாரு!"

"நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவ வர்றீங்கன்னு எங்கிட்ட சொன்னாரு மிசி."

"சரி, கேளுங்க. பூட்ட உடைக்காதீங்க. எங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆம்புலன்ஸ், போலீஸ், நலத்துறை மூணுக்கும் நானே ஃபோன் அடிக்கிறேன். நீங்க ஜன்னல விட்டு நகராம அம்மாகிட்ட பேசிக்கிட்டே இருங்க. என்ன பேசுறதுன்னு யோசிக்காதீங்க, எதையாச்சும் பேசுங்க."

என் தொழிற்சாலைக் கேண்டீன் சமையலைப் பற்றி அம்மாவிடம் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

போலீஸ் வண்டியும் அண்ணனின் மோட்டார் சைக்கிளும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. பூட்டை அண்ணனே திறந்தார். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. "நான் அடிக்கல சார். குழாயப் புடுங்கிப் புடுங்கிப் போடுறாங்க. நான் வேலைக்குப் போகணும்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் இளைத்துப்போயிருந்தார். காலை ஆறு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் குழாய் வழியாகப் பால் ஊற்றியிருக்கிறார். இடைப்பட்ட நேரத்தில் யாரும் இல்லை.

அம்மாவின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், என் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப் புண் (ஒரே நிலையில் கிடப்பதால் தோலும் சதையும் அழுகுவது). கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் மருத்துவமனையின் இளம் மருத்துவர். அழுகிய சதையை வெட்டியெடுக்க வேண்டும்.

"பிழைப்பாங்களா டாக்டர்?"

"மூணு நாள் போகட்டும், சொல்றேன். அண்ணனத் திட்டுறதா இருந்தா அதுக்கப்புறம் திட்டுங்க. இப்போ சாப்பிட்டுட்டு வாங்க."

அந்த மூன்று நாட்களில்தான் மருத்துவ சமூகப் பணியாளர் புவான் (திருமதி) ரோஸ்னா என்னை உட்காரவைத்துப் பேசினார். அவர் மேசையில் மூன்று கோப்புகளின் நகல்கள் இருந்தன. மருத்துவமனை, கிளினிக், நலத்துறை. மூவரும் கடமையைச் செய்திருந்தார்கள். மூவரும் அழைத்தது ஒரே எண்ணை. அந்த எண்ணுக்குரியவர் ஒவ்வொருவரிடமும், இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லியிருந்தார். இந்த எண்ணை யார் கொடுத்தது என்று புவான் ரோஸ்னா மலாயில் கேட்டார்.

மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 'வாரிஸ்' என்ற கட்டத்தில் (நோயாளிக்குப் பொறுப்பான உறவினர்) இரண்டு வரிகள். முதல் வரியில் அண்ணனின் பெயரும் எண்ணும். இரண்டாவது வரி காலி. எழுத்து என்னுடையது.

அம்மா விழுந்த அன்று நான்தான் படிவத்தை நிரப்பினேன். என் பெயரை எழுதப்போனபோது, பக்கத்தில் நின்ற பெரியம்மா பேனாவைத் தடுத்தார். "ஆம்பளப் புள்ள இருக்கறப்ப ஒம் பேரப் போடுவியா? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ நீ." எங்கள் குடும்பங்களில் மருத்துவமனைப் படிவத்தில் மகன் பெயர்தான் வரும். பார்த்துக்கொள்வது யாராக இருந்தாலும். நானும் அப்படியே எழுதினேன். தொழிற்சாலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தத் தாளையே திருப்பி அனுப்புகிறவள் நான்.

அதை புவான் ரோஸ்னாவிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. காலி வரியைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார். எழுதினேன்.

நான்காம் நாள் அம்மாவின் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் ஒரு மேசையைச் சுற்றி மருத்துவர், புவான் ரோஸ்னா, புஷ்பா மிசி, நலத்துறை அதிகாரி, போலீஸ் விசாரணை அதிகாரி, நான். அவரவருக்குத் தெரிந்ததை முதல் முறையாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். வீடியோவில் பேசிய நலத்துறை அதிகாரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவரை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் எங்களுக்கு ஒன்றைக் காட்டியிருந்தார். அம்மாவிடம், "உங்க பேரு லெட்சுமிதானே?" என்றார். அம்மா தலையசைத்தார். "உங்க பேரு மேரிதானே?" அதற்கும் தலையசைத்தார். அது பேச்சிழப்பு (சொல்வதும், கேட்டதைப் புரிந்துகொள்வதும் பாதிக்கப்படுவது). அம்மாவின் தலையசைப்பு பதில் அல்ல.

எங்கே அனுப்புவது என்பதுதான் கேள்வி. பராமரிப்பு இல்லம் என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த வீட்டுக்கு அம்மாவைத் திரும்ப அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் அம்மாவைத்தான் கேட்க வேண்டும் என்றார் புவான் ரோஸ்னா. மூன்று படங்களை அம்மாமுன் வைத்தார்கள்: இல்லம், என் மாசாய் அறை, அவருடைய வீடு. அம்மா இடது கையை வீட்டின்மீது வைத்தார். படங்களை மாற்றி அடுக்கினார்கள். வீடு. மறுநாள் வேறொருவர் கேட்டார். அப்போதும் வீடு. அப்படத்தைத் திரும்பத் தர மறுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அவங்க வீடு, அவங்க போறாங்க. நாமதான் அதுக்கு ஏத்த மாதிரி ஓடணும்," என்றார் புஷ்பா மிசி.

இரண்டு மாதங்களாக அப்படித்தான் ஓடுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள், ஒரு நாள், செய்ததும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மிசி. பகலில் நலத்துறை ஏற்பாடு செய்த உதவியாளர். புதன்கிழமை புவான் ரோஸ்னா எல்லோரையும் அழைப்பார், அண்ணனை மட்டும் மற்றவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு கடைசியாக. நான் பணி நேரத்தை மாற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் அங்கே இருக்கிறேன். அண்ணன் புண்ணுக்கு மருந்து வைக்கக் கற்றுக்கொண்டார். அம்மா அவரை முறைக்கும்போதெல்லாம் மிசி சிரிக்கிறார்: "வாய் வரலன்னா என்ன, கண்ணாலயே கிழிக்கிறாங்க பாருங்க உங்கள!" அண்ணன் தலையைக் குனிந்துகொள்கிறார். எங்களுக்குள் இன்னும் சரளமாகப் பேச்சு வரவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நான் மாசாயில் இருக்கும் நாட்களிலும் என் உடம்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிமிர்கிறது. இயந்திரத்தின் முன் நிற்கும்போது என் முதுகெலும்பின் முடிவில் ஓர் எரிச்சல் வருகிறது. நாள், வாரம் என்று எனக்கு இப்போது எதுவும் இல்லை. இடப்பக்கம், நேராக, வலப்பக்கம் என்றுதான் நேரம் போகிறது. தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

இன்றைய நிலை இது. புண் என் கட்டை விரல் நுனி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, மூடவில்லை. உணவுக் குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சியை அம்மா கரண்டியால் தானே சாப்பிடுகிறார். அண்ணன்மீதான விசாரணை முடியவில்லை. அம்மா தன் வீட்டில் இருக்கிறார்.