மாதா சுரூபத்துக்குப் பின்னால் இரண்டு பிளக்

ஐந்து மாதம் அந்த எஞ்சின் எங்கள் படுக்கை அறையில்தான் இருந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பித் தென்கடல் கலங்கத் தொடங்கினால் எங்கள் கரையில் படகுகளை மேலே இழுத்து ஏற்றிவிடுவார்கள். எஞ்சினைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். வெளியே விட்டால் களவு போகும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ஆகவே அது அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் பழைய சேலை ஒன்றால் அதை மூடிவைத்தேன். அன்பினால் அல்ல. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பருவம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது என் கணவரும் அவருடைய தம்பியும் நடுக்கடலில் நின்றுபோனார்கள். எஞ்சினில் இருந்த இரண்டு பிளக்கும் போய்விட்டன. பிளக் என்பது ஒரு விரல் நீளச் சாமான். அது பொறி தராவிட்டால் அவ்வளவு பெரிய எஞ்சினும் வெறும் இரும்புதான். காலையில் திரும்பவேண்டியவர்கள் அடுத்த நாள் மத்தியானம்தான் வந்தார்கள். வேறொரு படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

நீரோட்டம் மேற்கே கொண்டுபோனது என்றும், கரையில் நிற்கிற காற்றாலைகள் ஒவ்வொன்றாக மறைந்து கடைசியில் ஒன்றும் தெரியவில்லை என்றும் தம்பி சொன்னார். என் கணவருடைய போனை நான் சார்ஜில் போட்டபோது, கடல் எல்லை தாண்டினால் போன் கம்பனி அனுப்புகிற செய்தி ஒன்று அதில் கிடந்தது, இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று. ஒரு பகலும் ஒரு இரவும் நான் எடுத்த அழைப்புகளில் ஒன்றுகூட அந்தப் போனுக்குப் போகவில்லை. அந்த வரவேற்பு மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

புதுப் பிளக் ஒரு சோடி வாங்கிப் பூட்டி நாலு நாள் ஓடினார்கள். பிறகு சோளகம் வந்துவிட்டது. பழைய சோடியை அவர் ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டுவைத்தார். எதையும் எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. எஞ்சினை உள்ளே வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரும்பவும் பூட்டினார். டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது நான். எது எங்கே, எந்த ஸ்பனர், எந்தப் பக்கம் திருப்புவது எல்லாவற்றையும் அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். ஏன் அவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அந்த ஐந்து மாதமும் அவர் பக்கத்து ஊரான தாராபுரத்தில் மேசன் வேலைக்குப் போனார். பின்னேரம் சீமெந்துப் புழுதியோடு வருவார். நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். இப்படியே இருந்துவிடலாமே என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"கடலுக்குப் போகாம வேற என்ன செய்யச் சொல்லுறாய்?" என்பார்.

சோளகக் காற்று அடங்கத் தொடங்கியது. ஒரு நாள் அவர் படகுக்குப் பெயின்ட் அடிக்கக் கரைக்குப் போயிருந்த நேரம், நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தச் சேலையை விலக்கினேன். புதுப் பிளக் இரண்டையும் கழற்றினேன். ரின்னுக்குள் கிடந்த பழையதை எண்ணெயில் தோய்த்துப் பூட்டினேன். செத்துப்போன பிளக்தானே, எஞ்சின் ஒருநாளும் ஓடாது, ஐந்து மாதம் கிடந்ததால் பழுதாகிவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டுவார்கள் என்பதுதான் என் கணக்கு. புதுசு இரண்டையும் ஒரு துணியில் சுற்றி மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். களவுச் சாமானை மாதாவிடம் கொடுத்துவைப்பது பாவம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் என் கணவர் கைபடாத இடம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை எஞ்சினை முற்றத்துக்குக் கொண்டுபோய், தண்ணீர் நிரப்பிய பெரிய பரலுக்குள் அதன் அடிப்பாகத்தை இறக்கிக் கட்டினார்கள். அவர் கயிற்றை இழுத்தார். ஒன்றும் இல்லை. திரும்ப இழுத்தார். குசினி வாசலில் நின்று, அவர் இழுக்க இழுக்க நான் ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன், ஓடக்கூடாது என்று. பத்தாவது இழுப்பில் தம்பி மாறினார். அவருக்கும் மசியவில்லை.

பிறகு என் கணவர் பிளக்கைக் கழற்றினார். பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாக் கறுத்துப்போச்சு. எண்ணெய் விட்டு வைச்சனாங்கள்தானே."

"புதுசு வேண்டுவமோ, அண்ணை?" என்றார் தம்பி.

"இதுவே புதுசடா. நாலு நாள்தான் ஓடினது."

கம்பி பிரஷால் தேய்த்து, பெற்றோலில் கழுவி, ஊதித் திரும்பவும் பூட்டினார். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் இருமியது. ஐந்தாவதில் ஓடியது. முற்றம் முழுக்க வெள்ளைப் புகை.

அது ஓடுகிற விதம் சரியில்லை என்று எனக்கே கேட்டது. பெற்றோலில்தான் தொடக்குவார்கள், அதில் ஒருமாதிரி ஓடியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நடுங்கியது, விக்கியது, நிற்கப்போய் நிற்காமல் ஓடியது.

"கனநாள் கிடந்தது. ஓட ஓடச் சரிவரும்," என்றார் அவர். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சாள், ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு? எஞ்சின் ஓடுது, சந்தோசப்படுங்கோ."

சும்மா ஓடிப் பார்க்கத்தான் முதலில் போவதாக இருந்தது. பிறகு, போறதுதான் போறம், வலையையும் ஏற்றுவோம் என்றார்கள். கம்பில் கட்டித் தோளில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கரைக்கு நடந்தார்கள்.

நான் முற்றத்தில் நின்றேன். நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவரை நடுக்கடலில் கைவிட்ட அதே பிளக்கை என் கையாலேயே திரும்பவும் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். எஞ்சின் ஓடவே இல்லை என்றால் அவர் வீட்டில் இருந்திருப்பார். ஒழுங்காக ஓடினால் திரும்பி வருவார். நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்துவைத்திருந்தேன். சொன்னால் அவர் என்ன செய்வார் என்ற பயமும் இருந்தது. பொய் சொல்லுகிறேன், நான் முதலில் பயந்தது அதற்குத்தான். தம்பிக்கு முன்னால், ஊருக்கு முன்னால், புருசனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயர். கொஞ்ச நேரம் அதற்காகவே அசையாமல் நின்றேன்.

பிறகு சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

படகு தண்ணீரில் மிதந்துவிட்டது. எஞ்சின் விக்கிக்கொண்டிருந்தது. சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு துணியை அவரிடம் நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். எஞ்சினை நிற்பாட்டினார்.

"இதுதான் புதுசு. நான்தான் மாத்தினனான்," என்றேன். "நீங்கள் போகக்கூடாது எண்டுதான்."

தம்பி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவருக்குக் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"பயமெண்டு வாயால சொல்லியிருக்கலாமே."

"ஐஞ்சு மாசமாச் சொன்னனான்."

"எனக்குப் பயம் இல்லையெண்டு நினைச்சியோ?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் படகுக்குள் தூக்கிவிட்டு ஸ்பனரைத் தந்தார்.

"கழட்டினது நீதானே. நீயே பூட்டு."

படகு ஆடியது. கை வழுக்கியது. பழைய பிளக் இரண்டையும் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். இனிக் கழலவே கூடாது என்று, தேவைக்கும் மேலாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அவர் ஒரே இழுப்பு இழுத்தார். எஞ்சின் ஓடியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியபோதும் ஒரு விக்கல் இல்லை.

நான் இறங்கிக் கரைக்கு வந்தேன். படகு போனது. சத்தம் குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் கேட்கவில்லை. தூரம் போனாலும் கேட்காது, நின்றுபோனாலும் கேட்காது. கரையில் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய பிளக் இரண்டையும் கையில் பொத்திக்கொண்டு, ஈரச் சேலை உடம்பிலேயே காயும்வரை அங்கேயே நின்றேன்.

மத்தியானம் வந்தார்கள். மீன் பெரிதாக இல்லை. அடுத்த நாளும் போனார்கள். இப்போது சனிக்கிழமை தோறும் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது என் வேலை. அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிப்பார், ஒன்றும் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு தரமும் நான் தேவைக்கும் மேலாகத்தான் இறுக்குகிறேன்.