புஷ்பலதா அனுப்பிய லிங்க்

கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யப் புஷ்பலதாவுக்குக் கடைசிவரை வரவில்லை. ஆறாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவள். காகிதத்தில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில்தான் விரல் தடுமாறும். ஆனால் ஒரு லிங்க்கை அழுத்திப் பிடித்து, அம்புக்குறியைத் தொட்டு, ஆளைத் தேர்ந்து அனுப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மலேசியாவின் ஈப்போவில் ஹோட்டல் துணி வெளுக்கும் டோபிக் கடையில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. பத்து மணித் தேநீருக்கு உட்கார்ந்தால் ஒரு கையில் கோப்பை, மறு கையில் போன். 'சர்க்கரைக்குப் பாகற்காய்' என்று வந்திருந்தால் அது காம்பாரில் இருக்கும் கனகராஜ் அண்ணனுக்கு. 'முட்டிவலி மூன்று நாளில் போகும்' என்றால் இருளாயி அக்காவுக்கு. சிரிப்பு என்று தலைப்பில் இருந்தால் அது எல்லாருக்கும். பழைய தோட்டத்து ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் குரூப்பில் போட்டுவிடுவாள். பாவம், சிரிக்கட்டுமே!

எதையும் அவள் திறந்து பார்ப்பதில்லை. டேட்டா மாதக் கடைசிவரை தாங்க வேண்டும். தலைப்பைப் படித்ததும் ஒரு முகம் நினைவுக்கு வரும், அந்த முகத்துக்கு அனுப்புவாள். தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீடுகள் இடிபட்டுப் பன்னிரண்டு வருடம். பேச விஷயம் தீர்ந்துபோன மனிதர்களிடம் 'உன்னை நினைத்தேன்' என்று சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியாது.

ஒருவனுக்கு மட்டும் அவளால் எதையும் அனுப்ப முடியவில்லை. அவளுடைய தம்பி சுகுமாரன்.

தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவன். தோட்டம் போனதும் அவன் மனமும் எங்கோ போயிற்று. கல்யாணமாகாதவன் என்பதால் தன் அடுக்குமாடி வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மாதா மாதம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் மருந்து வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட, பொறுமை இழந்தவள், "எங்கயாவது போய்த் தொலையேன்டா!" என்று கத்திவிட்டாள். மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது. ஒன்பது வருடமாகிறது. போலீசில் எழுதிக் கொடுத்தும், கோயில் கோயிலாகத் தேடியும் அவன் கிடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் போதும் என்பதே அவள் பிரார்த்தனை.

சென்ற மாதம், தோட்டத்தில் கூட இருந்த புனிதாவின் மகள் ஷர்மினிக்கு ஈப்போவில் கல்யாணம். சாப்பாட்டு மேசையில் இருளாயிக்குப் பக்கத்தில் ஆசையோடு போய் உட்கார்ந்தாள் புஷ்பலதா. இருளாயி தட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளிப் போனாள்.

"என்னக்கா, கோவமா? நான் அனுப்புறதுக்கெல்லாம் ஒரு பதிலும் போட மாட்டேங்கிறீங்க?"

"உனக்கு என்னத்தப் போடுறது? கூடப் பொறந்தவனையே கோமாளியாக்கி ஊருக்கு அனுப்புனவ நீ. நாளைக்கு நான் வழுக்கி விழுந்தா அதையும் அனுப்புவேலா!"

"விடு இருளாயி, கல்யாண வீட்டுல என்ன இது" என்றார் எதிரே இருந்த கனகராஜ். ஆனால் அவரும் புஷ்பலதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரைச் சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல."

"லூமுட் படகு ஜெட்டியில கையத் தட்டித் தட்டி ஆடுறானே, அவனைத்தான். தாடி வச்சிட்டா எங்களுக்குச் சுகுமாரனை அடையாளம் தெரியாதா? மூணு வருசம் ஆச்சு நீ அனுப்பி. சரி, தம்பி இருக்கிற எடம் இவளுக்குத் தெரியும், வீட்டுக்குக் கூட்டிக்க மனசில்லனு நெனச்சோம். கேட்டா உனக்குத்தான் அசிங்கம்னு வாய மூடிக்கிட்டோம்."

புஷ்பலதாவின் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது.

"நான் தெறந்தே பாக்கலையேக்கா..."

அந்தக் குரலைக் கேட்டதும் இருளாயி சோறு பிசைவதை நிறுத்தினாள். மூன்று வருடமாகத் தான் வளர்த்த கோபத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கைகழுவும் இடத்தில் நின்று குரூப்பை மேலே தள்ளிக்கொண்டே போனாள் புஷ்பலதா. சிரிப்பு, பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, மறுபடி சிரிப்பு. எல்லாம் அவள் அனுப்பியவை. கடைசியில் அது வந்தது: 'லூமுட் ஜெட்டி கோமாளி. சிரிக்காமல் பார்க்கவே முடியாது.' அதுவும் அவள் அனுப்பியதுதான். முதல்முறையாக அதைத் தொட்டாள். காணொளி நீக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. மறுபடி தொட்டாள். மறுபடியும் அதுவே.

மறுநாள் காலை லூமுட்டுக்குப் பஸ் ஏறினாள். இருளாயி கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

படகு ஜெட்டிக்கு எதிரே ஜைனுலாப்தீனின் சாப்பாட்டுக் கடை. புஷ்பலதா நீட்டிய புகைப்படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர், உள்ளே திரும்பி, "ஜாஹித், இங்க வா" என்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அவருடைய தம்பி மகன், முப்பதை நெருங்கும் இளைஞன், வந்து படத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் தம்பி எங்க இருக்கான் பாய்?"

"உட்காரும்மா மொதல்ல."

"உட்கார வரல. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

ஜைனுலாப்தீன் கண்ணாடியைக் கழற்றினார். "மௌத்தாயிட்டாருமா. ரெண்டு வருசமாச்சு. மழைக் காலத்துல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில உயிர் போச்சு. இவன் அந்த வீடியோ எடுத்த பொறவும் ஒரு வருசம் இங்கேதான் இருந்தாரு. நம்ம கடையிலதான் சாப்பாடு."

ஒரு வருடம்! ஒரு தடவை விரலால் தொட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமிருந்திருக்கும். புஷ்பலதா அழவில்லை. மேசையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் ஆன்ட்டி எடுத்தேன்" என்றான் ஜாஹித். "சிரிப்பா இருக்கட்டும்னு பாட்டெல்லாம் சேத்துப் போட்டேன். அவரு மௌத்தானதும் தாங்க முடியல, அழிச்சிட்டேன். பாட்டு இல்லாத அசல் மட்டும் போன்ல கெடக்கு. பாக்குறீங்களா?"

பார்த்தாள். வெயிலில் சுகுமாரன் நின்றிருந்தான். தாடி, கிழிந்த சட்டை. அவன் ஆடவில்லை. ஒரு பெயரைச் சொன்னான், கையைத் தட்டினான், காதைச் சாய்த்துக் காத்திருந்தான். பிறகு அடுத்த பெயர். தோட்டத்தில் விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு மர வரிசை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு அது. சுற்றிலும் சிரிப்பு.

"உடையப்பன்... நாலாம் நெரை. தர்மேந்திரன்... அஞ்சாம் நெரை. இருளாயி..."

இருளாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"புஷ்பலதா."

கை தட்டினான். காத்திருந்தான். பதில் வரவில்லை. மற்றவர்களை ஒருமுறை கூப்பிட்டவன் அவளை மறுபடியும் கூப்பிட்டான்.

"புஷ்பலதா!"

"வந்துட்டேன்டா தம்பி!" என்று அலறினாள் அவள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

போனுக்குள் ஜாஹித்தின் குரல் சிரித்துக்கொண்டே கேட்டது: "அண்ணே, உங்க பேரு என்னண்ணே?"

"நான் கூப்பிடுற ஆளுலா" என்றான் சுகுமாரன். "என் பேர யாரு கூப்பிடுவா?"

அதோடு படம் நின்றது.

"அதாம்மா," என்றார் ஜைனுலாப்தீன். "எத்தனையோ தடவ கேட்டோம், பேர் மட்டும் சொல்லல. போலீஸ்ல பேர் தெரியாதவர்னே எழுதிட்டாங்க. கோயில்காரங்கதான் எடுத்துப்போய்ப் பொதைச்சாங்க."

ஜாஹித் தன் காரில் இருவரையும் இடுகாட்டுக்குக் கூட்டிப் போனான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வேலி ஓரத்தில் புல் மூடிய ஒரு மேடு. தலைமாட்டில் ஒரு மரக்கட்டை. கட்டையில் ஓர் எண்.

"கல்லு வைக்கச் சொல்லிடலாம் ஆன்ட்டி. என்ன பேருன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கடையில் பார்சல் மேல் எழுதும் பேனாவை எடுத்தான்.

புஷ்பலதா அதை வாங்கிக்கொண்டாள். ஈரமண்ணில் மண்டியிட்டு, எண்ணுக்குக் கீழே 'சு' எழுதினாள். மை நனைந்த மரத்தில் ஒட்டாமல் வழிந்தது. இருளாயி தன் சேலைத் தலைப்பால் கட்டையை அழுத்தித் துடைத்தாள்.

"மறுபடி எழுது" என்றாள்.