நீல வாளியில் கரைச்சது

மூலை வீட்டு மருமகன் கோழி திருடின கதைய விடு மச்சி, இந்த நீல வாளியப் பாரு! பிடி உடைஞ்சு கயிறு கட்டி வச்சிருக்கன். எங்கட வூட்டு மனுசன் வாங்கினது. நான் கூப்பிட்டா அவருக்குக் காது கேக்காது. வெங்காய இலை வெளுத்தா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நிண்டே கண்டுபிடிப்பார்.

சண்டைக்குள்ள மன்னார விட்டு வந்து அகதி முகாமில பசி கண்டவர் எல்லோ. பயிர் வாடினாலும் பசி எண்டுதான் நினைப்பார். இந்தக் கற்பிட்டி மணல்ல வெங்காயம் மஞ்சளடிச்சா ஒரு கை ரி.எஸ்.பி உரம். பிறகும் மஞ்சளா? இன்னொரு கை. "திண்டு வளரட்டும், உன்ட வாப்பா வீட்டுச் சொத்தா?" எண்டு எனக்கு ஏச்சு வேற. சண்டை முடிஞ்சிட்டு, மன்னார்க் காணியில கூரை போட்டுக் குடியேறணும் எண்டு அந்தப் போகத்து வெங்காயத்தத்தான் நம்பி இருந்தார்.

விவசாயக் கந்தோரில வேலை செய்யிற பொம்பிளப் பிள்ளை ஒண்டு மோட்டச் சைக்கிள்ல வரும். நல்ல வடிவு, என்ட மகனுக்குக் கேக்க இருந்தன், அதுக்குள்ள ஆரோ கட்டிட்டான். அது இலையப் பிரிச்சுப் பாத்திட்டு, "மாமா, ரி.எஸ்.பியில இருக்கிற பொஸ்பரஸ் உங்கட மண்ணில அளவுக்கு மிஞ்சிட்டு. அது கூடினா சிங்க் சத்து பயிருக்குள்ள சரியா ஏறாது. உரத்த நிப்பாட்டுங்க. இந்தச் சிங்க் தூளத் தனியாக் கரைச்சு இலைக்கு அடிங்க. ரெண்டையும் கலந்தா வாளி அடியிலேயே படிஞ்சிரும்" எண்டிச்சு.

"சோறு கூடினா கறி இறங்காதெண்டு சொல்றியா மகள்?"

"அப்பிடித்தான் மாமா."

கரைச்சது நான் மச்சி. அவர் ளுஹர் தொழப் போயிருந்தார். வாளியில ரி.எஸ்.பி ஊறிக் கிடந்தது. கொட்ட மனசில்ல, கிணத்தடிக்கு நடக்க முழங்காலும் விடல்ல. அதுக்குள்ளயே தூளையும் போட்டன். அரிசி கழுவின தண்ணி மாதிரி வெளுத்து, அடியில மா மாதிரிப் படிஞ்சுது. தெளிவ வடிச்சுக் குடுத்தன். பாட்டுப் படிச்சுப் படிச்சு அடிச்சார் பாவம்.

இலை பச்சையாகல்ல. வெங்காயம் புளியங்கொட்டை அளவு. "சிங்க் எண்டது பச்சைப் பொய்" எண்டு திரும்ப ரி.எஸ்.பிக்கே போனார். சொல்ல வாய் எடுப்பன், சோத்தப் போட்டுக் குடுத்திட்டு வந்திருவன். அப்பிடியே மவுத்தாயிட்டார். மன்னார்க் காணி இப்ப காடு.

போட்ட பொஸ்பரஸ் லேசில மண்ண விட்டுப் போகாதாம். அவர் போயிட்டார், அவர் அள்ளிப் போட்டது கிடக்குது. மகன் நட்ட வெங்காயமும் மஞ்சளடிச்சுத்தான் நிக்குது. சிங்க் எண்டு வாயத் திறந்தா, "வாப்பா அடிச்சுப் பாத்ததுதானே உம்மா" எண்டு முடிச்சிருவான். இண்டைக்காவது அவனுக்கு—

"உம்மா! வாளி எங்க? ரி.எஸ்.பி ஊறப் போடணும்!"

இந்தா வாறன் மகன்! பொறு மச்சி, இதக் கழுவிக் குடுத்திட்டு வாறன்.