ஞானராஜ் அப்பாவின் காரும் அலுமினியப் புல்லியும்

போன வாரம் திருமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வாடகைக் கார் கூப்பிட்டிருந்தேன். வந்தது பேட்டரி கார். பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். டிரைவர் தம்பியும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி, போவோம்" என்றேன்.

"ஸ்டார்ட்லதாண்ணே இருக்கு. நீங்க ஓடிபி சொன்னாக் கெளம்பிரலாம்."

பாதி வாழ்க்கையை மெஷின்களோடு கழித்தவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. ஓடிபியைச் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் முன்சீட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சுவரில் கை வைத்த மாதிரி இருந்தது. அப்படிக் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஞானராஜ் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

ஞானராஜ் அப்பா என் சிநேகிதன் டேனியலின் அப்பா. மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். தேனி, கம்பம், திண்டுக்கல் என்று டாக்டர்களைப் பார்க்க அலைந்தே தலை நரைத்தவர். அலைந்ததெல்லாம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும். ஓய்வு பெறக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அவருக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் தன் காரை விற்கப்போவதாகச் சொல்ல, யாரிடமும் கலந்துகொள்ளாமல் வாங்கிக்கொண்டு வந்து அரசரடி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். கறுப்பு நிறம். பழைய வண்டிதான். ஆனால் அது புதிதாக வந்த காலத்தில் அதன் என்ஜினைப் பற்றிப் பேசாத காலேஜ் பையன் கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகை சீட்டோடு வைத்து அழுத்தும் வண்டி. டிக்கியைத் திறந்தால் சத்து டானிக் வாசனை வரும். சாம்பிள் பெட்டிகளை அதில் வைத்திருந்த சில மாதங்களிலேயே அந்த வாசனை துணியில் ஏறிவிட்டது. எத்தனையோ வாட்டர் சர்வீஸ் செய்தும் போகவில்லை. இன்றைக்கும் மருந்துக்கடையில் அந்த வாசனை வந்தால் எனக்கு நோய் ஞாபகம் வராது, அந்தக் கார்தான் ஞாபகம் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் காது போக ஆரம்பித்தது. காதுக்குள் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு சரியாகக் கேட்கவில்லை, பாத்திரம் விழும் சத்தம் மட்டும் இடி மாதிரி கேட்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். அதோடு வீட்டில் பேச்சும் சுருங்கிவிட்டது. டேனியல் ஏதாவது சொல்வான். அவர் "என்னது?" என்பார். மறுபடி சொல்வான். மறுபடியும் "என்னது?" என்றால், "ஒண்ணுமில்லப்பா" என்று எழுந்து போய்விடுவான். கோபமெல்லாம் இல்லை, அலுப்புதான். காது கேட்காதவர்களிடம் இந்த உலகம் அதிகம் சொல்வது அந்த 'ஒண்ணுமில்ல'யைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

காரிலும் அது தெரிந்தது. டாக்டர் வைத்திருந்த வண்டி, பட்டு மாதிரி ஓடும். நிற்கும்போது என்ஜின் ஓடுகிறதா என்று காது கேட்கிறவனுக்கே சந்தேகம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் சர்ச் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த என்ஜினை ஓடவில்லை என்று நினைத்து மறுபடி சாவியைத் திருகிவிட்டார். இரும்பும் இரும்பும் உரசிக் கறகறவென்று ஒரு அலறல். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் வாசலில் இருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, டேனியலின் கையில் சாவியை வைத்தார்.

"இனி நீயே வச்சுக்க."

அதன் பிறகு மாதக்கணக்கில் அவர் வண்டியைத் தொடவில்லை. தொடவில்லை என்று சொல்வது தப்பு. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார். ஓட்டமாட்டார், அவ்வளவுதான்.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு, கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டேனியல் ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டான். கார் தன் கைக்கு வந்ததும் அதை இன்னும் வேகமாக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு.

"மாப்ள, கிராங்க் புல்லிய மட்டும் லேசாக்கிட்டா வண்டி பறக்குமாம்டா. நீ கடைஞ்சு குடு."

அதென்ன புல்லி என்று கேட்பீர்கள். என்ஜினுக்குள் சுழலும் தண்டின் பெயர் கிராங்க். அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சக்கரம் மாட்டியிருப்பார்கள். அதன்மேல் பெல்ட் ஓடித்தான் ஏசியும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியும் சுற்றும். கம்பெனி போட்டுத் தந்த சக்கரம் இரும்பு, நடுவில் ஒரு ரப்பர் வளையம். அதை எடுத்துவிட்டு அலுமினியத்தில் ஒன்று மாட்டினால், சுழற்ற வேண்டிய கனம் குறையும், என்ஜின் சட்டென்று எகிறும். அந்த ரப்பர் அதிர்வைக் குடிக்கத்தான் இருக்கிறது, எடுத்தால் என்ஜின் உள்ளே அடி வாங்கும் என்று இணையத்தில் ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா என்று இன்னொரு கட்சி. நான் இரண்டையும் படித்துவிட்டு, இளவயதில் யாரும் சேரும் கட்சியில் சேர்ந்தேன்.

முதலாளியிடம் கேட்டு, வேலை நேரம் முடிந்தபின் கடைந்தேன். அலுமினியம் கடையும்போது பால் மாதிரி ஒரு திரவம் டூலின்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதன் வாசனை சட்டையில் ஏறி, டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். முதலில் கடைந்த புல்லி கோணலாகப் போனது. அதை எங்கள் வாட்ச்மேன் ஊதுபத்தி ஸ்டாண்டாக வைத்துக்கொண்டார். அடுத்தது சரியாக அமைந்தது. என் கையால் நான் செய்ததில் அதைவிட அழகான பொருள் இன்றுவரை எதுவும் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாட்ட ஆரம்பித்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, பெல்ட்டுகளைத் தளர்த்தினோம். அதுவரைக்கும் நாங்கள் பெரிய மெக்கானிக்குகள். புல்லியைப் பிடித்திருக்கும் நடு போல்ட்டுக்கு வந்ததும் கதை மாறியது. அசையவே இல்லை. என்ஜின் சேர்ந்து சுற்றாமலிருக்க, கியரில் போட்டுவிட்டு யாராவது பிரேக்கை மிதிக்க வேண்டும். டேனியலின் அம்மாவைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சேலையைச் சொருகிக்கொண்டு இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார்.

ஸ்பேனரின் பிடியில் ஒரு தண்ணீர் பைப்பைச் சொருகி நீளமாக்கி, நானும் டேனியலும் அதில் தொங்கினோம்.

"என்னப்பா ரெண்டு பேரும் அடிபம்பு அடிக்கிற மாதிரி தொங்குறீங்க! எம்புட்டு நேரந்தான் நான் மிதிக்கிறது?" என்றார் அம்மா.

கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல இருந்த ஞானராஜ் அப்பா எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் கைகளுக்கு நடுவே தன் கையையும் பைப்பில் வைத்தார். மூன்று பேர் கனத்தில், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு போல்ட் விட்டுக்கொடுத்தது. நானும் டேனியலும் தரையில் விழுந்தோம். அவர் மட்டும் பைப்பைப் பிடித்தபடி நின்று, "விட்ருச்சு! கையில வந்துச்சு பாத்தியா!" என்று சிரித்தார். அந்த வெடிச்சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

பழைய புல்லியை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் வாங்கிப் பார்த்தார் அம்மா. "இது இட்லித்தட்டு கனங்கூட இல்லியே. இதையா போட்டு ஓட்டப் போறீக?"

போட்டோம். டேனியல் சாவியைத் திருகினான். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் என்ஜின் நாய்க்குட்டி மாதிரி துள்ளியது. அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். காலை எடுத்ததும்தான் வந்தது வினை. பட்டு மாதிரி இருந்த வண்டி உடம்பு முழுக்க நடுங்கியது. டாஷ்போர்டு முனகியது. கண்ணாடியில் தெரிந்த தெரு ஆடியது. கழற்றிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் ஞானராஜ் அப்பா கதவைத் திறந்து, "தள்ளு, நான் ஒக்காருறேன்" என்றார்.

உட்கார்ந்து ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். அசையாமல் இருந்தார். பிறகு சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார். நாங்கள் புரியாமல் நின்றோம்.

"தெரியுதுடா" என்றார்.

"என்னப்பா தெரியுது?" டேனியல் குனிந்து அவர் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"ஓடுறது தெரியுது. நிக்கிறது தெரியுது. கையில தெரியுது, ஒக்கார்ற எடத்துல தெரியுது. இத்தன நாளு ஒண்ணுமே தெரியலடா எனக்கு."

டேனியல் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டேன்.

அன்று சாயங்காலமே அழகர்கோவில் ரோட்டில் அவர் ஓட்டினார். டேனியல் பக்கத்தில். நான் பின்னால், அம்மாவோடு. பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் டேனியல் அவர் தோளில் தட்டுவான். அது அவர்களுக்குள் அங்கேயே முடிவான ஏற்பாடு. கியர் மாற்ற வேண்டிய இடம் அவருக்குக் கையிலேயே தெரிந்தது. மலை கண்ணுக்குத் தெரிந்ததும் தானாகப் பேச ஆரம்பித்தார். எந்த ஊர் டாக்டர் மோர் கொடுப்பார், யார் மத்தியானம் வரை காக்க வைப்பார், போடி மலைப்பாதையில் பஸ் நின்றுபோய் லாரியில் வந்த கதை. டேனியல் அதில் ஒன்றைக்கூட அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் அப்பாவும் மகனும் கிளம்பிவிடுவார்கள். அவர் தனியாக எடுக்கமாட்டார், அவன் தனியாக விடமாட்டான். வேகமாக ஓட்ட ஆசைப்பட்டவன் தோளில் தட்டுகிற வேலைக்கு வந்துவிட்டான். என்ன பாடுபட்டு அந்தப் புல்லியைக் கடைந்தேன் என்று அவனிடம் குறைப்பட்டுக்கொள்வேன்.

கொஞ்ச காலத்தில் ஏசியைத் தாங்கும் பிடியில் விரிசல் விட்டது. நான் அதற்குள் ரப்பர் கட்சிக்கு மாறியிருந்தேன். பழைய புல்லியையே மாட்டிவிடலாம், இல்லாவிட்டால் என்ஜின் தாங்காது என்று சொன்னேன். டேனியல் அதை அப்பாவிடம் சொன்னான். இரண்டு தடவை, மூன்று தடவை, பொறுமையாக.

"அடி வாங்கட்டும். எனக்கு வேணும்டா" என்றார் அவர்.

டேனியல் வெளியே வந்து, "என்ஜின் போனாப் போகுது மாப்ள. இருக்கட்டும்" என்றான். விரிசலை மட்டும் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன்.

சில வருடங்கள் அப்படியே ஓடின. ஒரு மத்தியானம் டேனியல் போன் செய்தான். சமயநல்லூர் தாண்டி நிற்கிறோம், வா என்றான். போய்ப் பார்த்தேன். நாலுவழிச் சாலை ஓரத்தில், ஒரு புளியமரத்து நிழலில் கார் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. என்ஜின் உள்ளே இறுகிவிட்டது. சத்தம் கேட்டு டேனியல் பதறுவதற்கு முன்பே அவருக்குக் கையில் தெரிந்துவிட்டதாம். இருந்த ஓட்டத்திலேயே நிழல் பார்த்து ஓரங்கட்டியிருக்கிறார். நான் போனபோதும் சீட்டை விட்டு இறங்கவில்லை.

"வேற என்ஜின் தேடிப் போட்ருவோம்ப்பா" என்றேன் அவர் கண்ணுக்கு நேராக.

"போதும்யா. நல்லா ஓடுச்சு" என்றார். "வாங்க, டீ குடிப்போம்."

அந்தப் புளியமரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. நான் வேலை பார்த்த பட்டறை குடோனாகிவிட்டது. காரைப் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து இழுத்துப் போனார். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஞானராஜ் அப்பா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். டேனியலுக்குக் கோயம்புத்தூரில் வேலை. விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்கிறோம்.

காதுகுத்து முடிந்து திரும்பும்போது அரசரடியில் இறங்கி, டேனியலின் அம்மாவைப் பார்க்கப் போனேன். காபி போட்டுத் தந்தார். உடம்பு எப்படி இருக்கும்மா என்று கேட்டேன்.

"நல்லாத்தேன் இருக்கேன். அவர்ட்ட கத்திக் கத்தித் தொண்ட எந்நேரமும் வலிக்கும்ல, இப்ப அந்த வலிகூட இல்லப்பா" என்றார்.

கத்திப் பேசியே பழகியவரின் குரல் அவ்வளவு தணிந்திருந்தது, எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. கிட்டே போய் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.